"நான் ஏன் என்ட வீட்டை விட்டுப் போவன்?"

குடும்ப வன்முறை பற்றிக் கூட்டம் வைத்தால் எப்படியும் ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்பார். "இவ்வளவு அடியும் வாங்கிக்கொண்டு அவ ஏன் அங்க இருக்கா? வெளிக்கிட்டு வந்தா என்ன?" கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நானும் பல வருடங்கள் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் பெண்களோடு வேலை செய்தேன். ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால், அவரை எங்கே கொண்டுபோய்த் தங்க வைக்கலாம் என்பதுதான் எனக்கு முதலில் வருகிற யோசனை.

இந்த யோசனையில் ஒரு பிழை இருக்கிறது என்று எனக்குக் காட்டித் தந்தவர் படுவான்கரையில் ஒரு கிராமத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. நான் போனபோது அவர் குசினி வாசலில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தார். இடது கண் வீங்கி மூடியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். கணவன் முதல்நாள் இரவு அடித்துவிட்டு, விடிய எழும்பி ஒன்றும் நடவாதது போலத் தோணிக்குப் போய்விட்டாராம். "அக்கா, உடுப்பு ரெண்டை எடுத்துக்கொண்டு வாங்க, பாதுகாப்பான இடம் ஒண்டு இருக்கு" என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"இது என்ட அம்மா எனக்குத் தந்த வளவு புள்ள. அம்மாக்கு அவட அம்மா குடுத்தது. இஞ்ச வந்து சேர்ந்தவர் அவர். நான் ஏன் என்ட வீட்டை விட்டுப் போவன்?"

எனக்குப் பதில் வரவில்லை. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வருகிற பேச்சு வீடு. தாய் தான் இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார். அடுத்தவளுக்குப் பக்கத்து வளவில் வீடு எழும்பும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். குடி பார்ப்பதும் தாய்வழியாகத்தான். பிறந்த வீட்டை விட்டுப் பெண் அழுதுகொண்டு போகிற காட்சியை நம்மில் அநேகர் இந்தியப் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுப் பக்கம் நீண்டகாலம் ஆய்வு செய்து 2008ல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். தாய்வழிக் குடியும் பெண் வழியாகப் போகிற சீதன வீடும் அதில் விரிவாக இருக்கின்றன. வெளிநாட்டவர் ஒருவர் எழுதிக் காட்டுமளவுக்கு இது தனித்துவமானது என்பது நமக்கே பெரிதாகத் தெரிவதில்லை.

அப்படியென்றால் இந்த ஊர்ப் பெண்களுக்கு அடி விழாதா? விழுகிறது. வீடு தன் பெயரில் இருப்பதே சிலருக்கு அடிக்கான காரணமாகியிருக்கிறது. "உன்ட வீடெண்ட திமிரா?" என்று கேட்டுக் கேட்டு அடித்ததாக எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019ல் நாடு முழுவதும் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கணவனோ துணைவனோ உள்ள, அல்லது முன்பு இருந்த பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்து பேரில் ஒருவர், வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவரிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருப்பதாக அது சொல்கிறது. வாயைத் திறந்து சொன்னவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆனாலும் வீடு பெண்ணுடையது என்பதில் ஒரு பெரிய பலம் இருந்தது. அம்மா பின்வளவில் இருப்பார். அக்காவும் தங்கச்சியும் வேலிக்கு அந்தப் பக்கம். சத்தம் கேட்டால் யாராவது ஒருவர் கடப்படிக்கு வந்து நிற்பார்கள். மாமியார் வீட்டில் தனித்து நிற்கிற பெண்ணுக்கு இந்த வசதி இல்லை.

இதைத்தான் யுத்தம் உடைத்தது. 1990க்குப் பிறகு எத்தனை தரம் வெளிக்கிட்டோம், எத்தனை தரம் திரும்பி வந்தோம் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நம்மில் குறைவு. வீடு எரிந்ததோடு உறுதியும் எரிந்தது. 2006, 2007ல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்தவர்கள் முகாம்களில் இருந்தபோது, ஒரு தறப்பாளுக்கும் அடுத்த தறப்பாளுக்கும் இடையில் இரண்டு முழம்தான். ஒரு பெண் அடிவாங்கினால் நூறு பேருக்குக் கேட்கும், ஒருவரும் அசையமாட்டார்கள். அயலவர் உறவினர் இல்லை என்பது ஒரு காரணம். எல்லாரும் களைத்துப்போயிருந்தது இன்னொரு காரணம். ஆண்களும் தொழில் இழந்து, மானம் இழந்து, கசிப்புக்குப் போய் விழுந்தார்கள். இதைச் சொல்வது அவர்கள் அடித்ததை நியாயப்படுத்த அல்ல. அதே முகாமில், அதே கஷ்டத்தில், மனைவி மீது கை வைக்காத ஆண்களும் இருந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு நடந்தது இன்னொரு விதம். 2004 டிசெம்பர் 26ல் நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று கரையோரம் வீடுகள் போயின. பிறகு திராய்மடு போன்ற இடங்களில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கட்டிக் கொடுத்தது நல்ல விசயம். ஆனால் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு இடம் இருந்தது. அதில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. தாய் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு, ஒரே பேனை இழுப்பில் ஆணின் பெயருக்குப் போனது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. சில இடங்களில் மாற்றம் வந்தது, பல இடங்களில் வரவில்லை. பேமிற் காணிகளிலும் இதே கதைதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்து என்று வரும்போது ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022ல்தான் அது திருத்தப்பட்டது.

ஆகவே அக்கா கேட்ட கேள்விக்கு ஒரே பதில் இல்லை. யாருடைய பெயரில் வீடு, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். எப்படியிருந்தாலும், போகவேண்டியவர் யார் என்று கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒருவரை மறியலுக்கு அனுப்புவதற்காக முதலில் எழுதப்பட்டது அல்ல. அடுத்த அடி விழாமல் தடுப்பதற்காக எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டவர் தானே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்று நீதவான் கண்டால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுப்பார். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி வைக்கவேண்டும். பிறகு கொடுக்கிற பாதுகாப்புக் கட்டளை ஆகக் கூடியது 12 மாதங்களுக்குச் செல்லும். அடிப்பது மட்டும் இதில் வன்முறை அல்ல. தொடர்ந்து கேவலப்படுத்தி மனதைச் சிதைக்கிற கடுமையான நடத்தையும் இதில் அடங்கும். கணவன் மட்டுமல்ல, பிரிந்துபோன கணவன், சேர்ந்து வாழ்கிறவர், தகப்பன், சகோதரன் போன்றவர்களுக்கு எதிராகவும் கேட்கலாம். காத்தான்குடி, ஏறாவூர்ச் சகோதரிகள் சிலர் "எங்களுக்குக் காதி நீதிமன்றம்தானே" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விவாகரத்தும் தாபரிப்பும் அங்கேதான். ஆனால் பாதுகாப்புக் கட்டளை எல்லாச் சமூகத்தவருக்கும் பொது. அதற்கு நீதவான் நீதிமன்றம் போகலாம்.

வீட்டுக்கு வருவோம். இந்தக் கட்டளையால் அடித்தவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கலாம், இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடாயிருந்தாலும் கூட. அவளை வீட்டுக்குள் வரவிடாமல் அவர் தடுக்கக்கூடாது என்றும் சொல்லலாம். அவளை நடுத்தெருவில் விடுகிற மாதிரி குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் தடுக்கலாம். அவளுக்கு உதவி செய்கிற உறவினர், சினேகிதி, சமூக சேவையாளர் மீது கை வைக்கக்கூடாது என்பதும் இதில் வரும். அவளும் பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள் என்பதை நீதவான் யோசித்தே கட்டளை போடவேண்டும். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை மறியல் அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டப்பணம் அல்லது இரண்டும். பத்தாயிரம் இன்றைய விலைவாசியில் ஒரு காசே இல்லை. மறியல் என்ற சொல்லுக்குத்தான் இன்னும் பயம் இருக்கிறது.

சட்டம் வந்தபின் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். பாட்டும் நாடகமுமாகப் போவது மட்டக்களப்பில் புதிய விசயமல்ல. 1991ல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை தொடங்கி 1993ல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்றவை இந்தப் பாதையை முன்பே போட்டிருந்தன. எங்கள் குழுவும் ஒரு வீதி நாடகம் செய்தது. குடித்துவிட்டு வருகிற கணவன், அடி, பிள்ளைகளின் அழுகை. கோயில் வெளியில் போட்டோம். கணவனாக நடித்த பிள்ளை தள்ளாடி வந்ததும் பொடியன்கள் விசில் அடித்தார்கள், சிறுவர்கள் சிரித்து உருண்டார்கள். அடி விழுகிற காட்சியிலும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

முடிந்த பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா கிட்ட வந்தார். "நல்லாத்தான் செய்தயள் மகள். ஆனா இது எங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே. வீட்டுக்கு வீடு பார்க்கிறம். மறுகா என்ன செய்யிறண்டு சொல்லல்லயே."

அந்த 'மறுகா'வுக்குப் பிறகு நாடகத்தை மாற்றினோம். அடியைக் காட்டுவதை விட்டோம். அடுத்தநாள் காலையிலிருந்து தொடங்கினோம். அவள் யாரிடம் முதலில் சொல்கிறாள், அவர் என்ன சொல்கிறார், பொலிஸில் என்ன கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் "கிணத்தடியில விழுந்திட்டன்" என்று சொன்னால் என்ன நட்டம், உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும். பார்க்கிறவர்களையே எழும்பி வந்து மாமியாகவும் கிராம உத்தியோகத்தராகவும் நடிக்கச் சொன்னோம். சிரிப்பு அப்போதும் இருந்தது, வேறு விதமான சிரிப்பு. ஒரு கடைக்கார அண்ணன் எழுந்து, "என்ட கடை போனை எடுத்து அடிக்கலாம், எந்த நேரமெண்டாலும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அதற்குமுன் அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

இந்தியாவில் 2008ல் 'பெல் பஜாவோ' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். மணியை அடி என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடித்து, கொஞ்சம் பால் இருக்கா, நேரம் என்ன என்று ஏதாவது கேள். சண்டை பிடிக்கவேண்டாம், நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். நம் வீடுகளில் மணி இல்லை. கடப்பு இருக்கிறது. "மச்சாள், கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கடப்படியில் நின்று கூப்பிடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசியபோது, "இராவு பத்து மணிக்கு என்னத்துக்குகா சீனி?" என்று ஒருத்தி கேட்க எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் அது நிலைத்துவிட்டது. 'சீனி கேட்கப் போறன்' என்றால் என்னவென்று இப்போது அங்கே பெண்களுக்குத் தெரியும். தனியாகப் போகவேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள், கத்தி கோடரி எடுத்திருந்தால் கிட்டப் போகாமல் 119க்கு அடியுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இறால் உடைத்துக்கொண்டிருந்த அக்கா விண்ணப்பிக்கச் சம்மதித்தது நான் சந்தித்து ஏழெட்டு மாதம் கழித்து. அதற்கிடையில் நான் வேறு எதையும் வற்புறுத்தவில்லை. போய் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். அவர் உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் ஒரு பையில் போட்டு அம்மாவின் வீட்டில் கொடுத்து வைத்தார். அது ஒன்றுதான் நான் சொல்லி அவர் உடனே செய்தது.

முதலில் பொலிஸுக்குப் போனோம். எந்த நிலையம் என்று எழுதவில்லை. "புருசன் பொஞ்சாதிக்குள்ள இதெல்லாம் இருக்கும்தானே, ரெண்டு பேரையும் கூப்பிட்டு சமாதானம் செய்து விடுறம்" என்றார் அங்கிருந்தவர். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் முறைப்பாட்டைப் பதியவேண்டும், எங்களுக்கு முறைப்பாட்டு இலக்கம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நெடுநேரம் வாங்கிலில் இருந்தோம். பின்னேரம் சிறுவர் பெண்கள் பிரிவிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். வந்த பத்து நிமிடத்தில் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். ஆகவே ஒருவர் சொன்ன பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பதிந்தார். அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் மித்துறு பியச. 2007ல் மாத்தறை ஆஸ்பத்திரியில் தொடங்கியது. பொலிஸுக்குப் போக விருப்பமில்லாவிட்டாலும் அங்கே போய்ப் பேசலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி விண்ணப்பத்தை எழுதித் தந்தார். 2014ல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு நீதிமன்றத்துக்குப் போய்வருவது இலேசாகிவிட்டது. பாதைக்குக் காத்துநின்ற காலத்தில் ஒரு வழக்குத் தவணைக்கு ஒரு நாள் கூலி முழுதாகப் போகும், கரையில் நிற்கிற எல்லாருக்கும் எங்கே போகிறாய் என்று பதில் சொல்லவும் வேண்டும்.

இடைக்காலக் கட்டளை கிடைத்தது. அவர் வீட்டுக்குள் வரக்கூடாது.

அந்தக் கடதாசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா கேட்டார். "இதைக் கொண்டுபோய் இராவையில என்ன செய்யிற? கதவில ஒட்டுறதா?" கேலி இல்லை, பயம். விசாரணைக்கு இன்னும் 14 நாள். ஒரு பெண் எதிர்த்து நிற்கிறாள் என்று தெரிந்த கையோடுதான் அடிக்கிறவருக்கு ஆத்திரம் கூடுகிறது. வேலை செய்கிற எங்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்.

அந்தப் 14 இரவுகளையும் மாதர் சங்கத்துப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இருவர் பாயோடு வந்து அக்கா வீட்டு விறாந்தையில் படுத்தார்கள். அதில் ஒருவர் கணவனின் சொந்த மச்சாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது முச்சக்கரவண்டி ஓட்டுகிற ஒரு தம்பி. கிராம உத்தியோகத்தருக்கும் கட்டளையின் பிரதி ஒன்றைக் கொடுத்தோம். ஆறாவது இரவோ ஏழாவது இரவோ அவர் வந்தார். கடப்பைத் தட்டினார், தூசணம் பேசினார். உள்ளேயிருந்த பெண்கள் வெளியே போகவில்லை, விளக்கைப் போட்டார்கள். பக்கத்து வீட்டிலும் விளக்கு எரிந்தது, அதற்கடுத்த வீட்டிலும். ஒருவரும் ஒரு சொல் பேசவில்லையாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தாயின் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தநாள் பொலிஸில் அதையும் பதிந்தோம்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. குடியேற்றத் திட்டமொன்றில் இருந்த ஒரு தங்கச்சியை நினைக்கிறேன். வீடு கணவனின் பெயரில். சுற்றியிருந்தவர்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள், அவளுக்கு அங்கே அம்மாவும் இல்லை அக்காவும் இல்லை. கட்டளை அவளுக்கும் கிடைத்திருக்கும், வீடு யார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம். ஆனால் விறாந்தையில் வந்து படுக்க ஆள் இல்லை. நுண்கடன் காசு கட்டுகிற நாளில் குழுப் பெண்களே வந்து வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அவள் பிள்ளையோடு மலையகத்துக்கு ஒரு வேலைக்குப் போய்விட்டாள். எங்களோடு பேச்சுத் தொடர்பு இல்லை. அவளுக்காக நாங்கள் அந்தத் திட்டத்துக்குள் முன்பே போய் ஆட்களைச் சேர்த்திருக்கவேண்டும். போகவில்லை. தூரம் என்று விட்டுவிட்டோம்.

1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை இப்போது எல்லாக் கூட்டத்திலும் சொல்லி எழுதவைக்கிறோம். சிலர் பிள்ளையின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், கணவன் பார்க்காத இடம் அது.

அக்காவுக்கு ஒரு வருடக் கட்டளை முடிந்துவிட்டது. தேவைப்பட்டால் மீண்டும் விண்ணப்பிக்கலாம், அதற்கு இன்னும் அவசியம் வரவில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளுக்குக் காசு கேட்டு வழக்குப் போட்டார். ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. கணவன் இப்போது தன் தாயோடு இருக்கிறார், திருவிழாவில் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவார். "அவருக்கும் ஒரு பாடம்" என்று நான் சொன்னபோது அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "பாடமும் வேணாம், ஒண்டும் வேணாம். இராவையில நித்திரை கொள்ளுறன், அது காணும்" என்றார்.

போன மாதம் போயிருந்தேன். பின்வளவில் கல் அடுக்கியிருந்தது. மூத்தவளுக்கு வயது பதினெட்டு. கல்யாணம் இப்போது இல்லை, படிக்கிறாள், ஆனால் அறையைக் கட்டத் தொடங்கிவிட்டார். வீட்டை மகளுக்கு எழுதும்போது தனக்குச் சீவிய உருத்து வைத்து எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், நொத்தாரிசிடம் அதைச் சொல்லியே எழுதுவிக்கவேண்டும் என்றேன். "வாற மாப்பிள்ளையும் அதை வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மழை வருமுன் கல்லை மூட வேண்டுமென்று தறப்பாளை எடுக்கப் போனார்.